டிராகன் பால்: "ஆண்ட்ராய்டு" என்றே விடலாமா, "செயற்கை மனிதர்" ஆக்கலாமா?

சொல்தேடி:
நண்பர்கள் சிலர் சேர்ந்து டிராகன் பால் என்ற ஜப்பானியப் படக்கதையில் (மாங்கா) செல் என்ற வில்லன் வருகிற பகுதியைத் தமிழில் எழுதிப் பார்க்கிறோம், எங்களுக்குள் படிக்கத்தான். ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டோம். கதையில் டாக்டர் கெரோ என்ற விஞ்ஞானி உருவாக்குகிற எல்லோரையும் அதை எழுதி வரைந்த டோரியாமா "ஜின்சோ நிங்கென்" (ஜின்சோ என்றால் மனிதர் செய்த, நிங்கென் என்றால் மனிதர்) என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார். ஆங்கிலத்தில் அது ஆண்ட்ராய்டு ஆகிவிட்டது. ஆனால் 17, 18 என்று எண்ணால் அழைக்கப்படும் இருவரும் மனிதர்களாகப் பிறந்த இரட்டையர்கள், கெரோ அவர்கள் உடம்பை மாற்றி அமைத்தார். 16, 19 முழு இயந்திரம். 20 என்பது கெரோவேதான், மூளை மட்டும் பழையது. செல்லோ பல போராளிகளின் உயிரணுக்களைச் சேர்த்து வளர்த்த உயிர், அவனும் தன்னை ஜின்சோ நிங்கென் என்றே சொல்லிக்கொள்கிறான். இத்தனைக்கும் ஒரே சொல் வேண்டும். என் ஓட்டு "செயற்கை மனிதன்" பக்கம். குழுவில் பாதிப்பேர் ஆண்ட்ராய்டை விடமாட்டேன் என்கிறார்கள்.

கேப்ஸ்யூல்காரன்:
அந்தப் பாதிப்பேருடன் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் இந்தக் கதைக்குள் ஆங்கிலம் வழியாகத்தான் வந்தோம். ஆண்ட்ராய்டு 18 என்றால் அந்த மஞ்சள் முடியும் ஜீன்ஸும் உடனே கண்ணுக்கு வரும். செயற்கை மனிதன் 18 என்றால் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம்தான் ஞாபகம் வருகிறது. அப்புறம் ஆண்ட்ராய்டு என்றால் இயந்திரம் மட்டும்தான் என்று யார் சொன்னது? பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலில் வருகிற ஆண்ட்ராய்டுகள் சதையும் ரத்தமுமானவை. ஆங்கில அறிவியல் புனைவில் அந்தச் சொல்லுக்கு இடம் தாராளமாகவே இருக்கிறது.

மை_கசியும்_பேனா:
ஆங்கிலத்தில் இருக்கலாம் ப்ரோ. தமிழில் ஆண்ட்ராய்டு என்றால் கையில் இருக்கும் போன். 2025இல் கூகிள் வெளியிட்ட பதிப்பின் பெயரே ஆண்ட்ராய்டு 16. "ஆண்ட்ராய்டு 16 விழித்துக்கொண்டது" என்று நீங்கள் எழுதினால் படிக்கிறவன் அப்டேட் வந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்ப்பான்.

கேப்ஸ்யூல்காரன்:
ஹா ஹா. ஆனால் பக்கத்தில் படம் இருக்கிறதே. பச்சைக் கவசம் போட்ட ராட்சசனைப் பார்த்துவிட்டு யாரும் போனை எடுக்கமாட்டார்கள்.

பழைய_விசிறி:
சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். சாபெக் என்கிற செக் எழுத்தாளர் 1920இல் எழுதிய "ஆர்.யு.ஆர்." நாடகத்தில்தான் ரோபோ என்ற சொல் பிறந்தது. அது 1923இல் ஜப்பானிய மொழியில் வந்தபோது வைத்த தலைப்பு "ஜின்சோ நிங்கென்". மறு வருடம் தோக்கியோவில் சுகிஜி சிறு அரங்கில் மேடையும் ஏறியது. கவனியுங்கள், அந்த நாடகத்து ரோபோக்கள் தகரமும் பல்சக்கரமும் இல்லை, ரசாயனக் கூழில் வார்த்தெடுத்த சதை உடம்புகள். ஆக, இந்தச் சொல் ஜப்பானில் பரவியபோதே சதையையும் சேர்த்துக்கொண்டுதான் பரவியது. 1928இல் நிஷிமுரா மகோதோ "ககுதென்சோகு" என்று ஒரு ராட்சத உருவம் செய்தார், காற்றழுத்தத்தில் முகம் அசையும், கை எழுதும். அதையும் ஜின்சோ நிங்கென் என்றுதான் சொன்னார்கள். செல்லையும் 16ஐயும் ஒரே பெட்டியில் போட்டது டோரியாமாவின் அலட்சியம் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்தப் பெட்டி அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

ரூபி_எழுத்து:
நல்ல தகவல் ஐயா. இன்னொன்றையும் சேர்க்கிறேன். டோரியாமாவிடம் "சைபோர்க்" (பாதி மனிதன், பாதி இயந்திரம்) என்ற சொல்லும் இருந்தது. கதாநாயகன் கோகுவிடம் தோற்ற தாவ் பாய் பாய் உலோக உடம்போடு போட்டிக்குத் திரும்பி வருவான் இல்லையா, அவனை சைபோர்க் என்றே சொல்கிறார். அதே மாதிரிப் பாதி மனிதர்களான 17, 18க்கு மட்டும் அந்தச் சொல்லைத் தரவில்லை. தெரிந்தேதான் மங்கலான சொல்லை எடுத்திருக்கிறார். எதிரி யார், உள்ளே என்ன இருக்கிறது என்று கோகு கூட்டத்துக்கே தெரியாது, அவர்களிடமிருந்து கீ என்ற உயிர்ச்சக்தியையும் உணர முடியாது. வாசகனும் அதே இருட்டில் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்று போட்டால் அந்த இருட்டு போய்விடும், இயந்திரம் என்று முதலிலேயே முடிவாகிவிடும்.

கேப்ஸ்யூல்காரன்:
டிக் நாவலைப் பற்றி நான் சொன்னதை யாரும் படிக்கவில்லை போல.

மை_கசியும்_பேனா:
படித்தோம். ஆனால் பலன் என்ன? 18 பின்னால் தாயாகிறாள், அதனால் "ஆண்ட்ராய்டுக்கு எப்படிக் குழந்தை பிறந்தது" என்ற கேள்வி வருடக்கணக்காக ஆங்கில ரசிகர்களிடையே சுற்றிக்கொண்டே இருக்கிறது. செல் கதை முடிந்ததும், 18 மேல் காதல் கொண்ட கோகுவின் நண்பன் க்ரில்லின், வரம் தரும் டிராகன் ஷென்ரோனிடம் 17, 18 இருவரையும் திரும்ப மனிதர்களாக்கு என்று கேட்கிறான், என் சக்திக்கு மீறியது என்று டிராகன் மறுக்கிறது. சரி, உடம்புக்குள் இருக்கும் வெடிகுண்டையாவது எடு என்று கேட்கிறான். "திரும்ப" என்ற அந்த ஒரு சொல்லில்தான் அவன் காதலே இருக்கிறது. முதலிலிருந்தே ஆண்ட்ராய்டு என்று படித்துக்கொண்டு வந்தவனுக்கு அந்த இடம் பொம்மைக்கு உயிர் கொடுக்கச் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது.

சொல்தேடி:
இதைத்தான் குழுவில் சொல்லத் தெரியாமல் திணறினேன். நன்றி.

கேப்ஸ்யூல்காரன்:
நன்றியெல்லாம் இருக்கட்டும் தல, "செயற்கை மனிதன் 18" என்று எழுதிப் பாருங்கள். அவள் பெண். நிங்கென் என்பதில் ஆண் பெண் கிடையாது, உங்கள் மனிதனில் "அன்" விகுதி உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வீர்கள், செயற்கை மனுஷி என்பீர்களா? ஆண்ட்ராய்டு என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

ரூபி_எழுத்து:
கிரேக்கத்தில் "ஆண்ட்ர்" என்றாலே ஆண் தான் ப்ரோ :) பெண்ணுக்கு கைனாய்டு என்று தனியாக ஒரு சொல்லே கிளப்பினார்கள்.

கேப்ஸ்யூல்காரன்:
தமிழ் வாசகன் கிரேக்கம் படித்துவிட்டா வருகிறான்?

மை_கசியும்_பேனா:
"செயற்கை மனிதர்" என்று அர் விகுதி போட்டால் தீர்ந்தது. பன்மையும் "மனிதர்கள்" என்று சரியாக வரும்.

பழைய_விசிறி:
அர் போடலாம். எனக்கு உறுத்துவது "செயற்கை"தான். ஜப்பானியத்தில் "ஜின்கோ" வேறு, "ஜின்சோ" வேறு. செயற்கை நுண்ணறிவு என்பதில் வருவது ஜின்கோ. ஜின்சோ கொஞ்சம் பழைய வாசனை உள்ள சொல், அணை கட்டித் தேக்கிய ஏரி ஜின்சோகோ, ரேயான் துணி ஜின்கென், மார்ஜரினைக்கூட ஒரு காலத்தில் ஜின்சோ பட்டர் என்பார்கள். இரண்டையும் செயற்கை என்று அடைத்தால் அந்த 1920களின் பட்டறை வாசனை போய்விடும்.

மை_கசியும்_பேனா:
போகட்டுமே. "ஆக்கமனிதர்", "புனைமனிதர்" என்று எதையாவது அடித்துவிட்டுக் கீழே அடிக்குறிப்பு போடுவதைவிட இது மேல். செயற்கைப் பட்டு என்று நாம் சொல்வதில்லையா? அதே பட்டறைதான்.

ரூபி_எழுத்து:
ஒரே சொல்லை எல்லாத் தொடருக்கும் ஒட்டிவிடாதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் மாங்காவில் ஜின்சோ நிங்கென் என்று கஞ்சி என்கிற சீன வழி எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் "ஹோமுன்குலஸ்" (ரசவாதத்தால் உருவாக்கிய மனிதன்) என்று உச்சரிப்புக் கொடுத்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. அங்கே ஹோமுன்குலஸ் என்றுதான் போட வேண்டும், செயற்கை மனிதர் என்றால் ரசவாதமே காணாமல் போய்விடும்.

பழைய_விசிறி:
ஆமாம். மாங்கா ஓவியர் இஷிநோமோரி ஒருவரையே எடுங்கள். 1964இல் சைபோர்க் 009. 1971இல் காமென் ரைடர், அவன் "கைசோ நிங்கென்", அதாவது மாற்றி அமைக்கப்பட்ட மனிதன். 1972இல் கிகைடர், அவன் ஜின்சோ நிங்கென், முழு இயந்திரம், உள்ளே அரைகுறையாக ஒரு மனசாட்சிச் சுற்று. மூன்றும் மூன்று விதம். கிகைடரின் அனிமே ஆங்கிலத்துக்குப் போனபோது அவனும் ஆண்ட்ராய்டு ஆகிவிட்டான்.

கேப்ஸ்யூல்காரன்:
கிகைடர் இயந்திரம்தானே, அங்கே ஆண்ட்ராய்டு சரியாகத்தானே இருக்கிறது? சரி, உங்கள் கட்சிக்கே ஒரு கேள்வி. அந்த இருட்டு முக்கியம் என்கிறீர்கள். தமிழில் வினைமுற்று எழுதாமல் எப்படித் தப்பிப்பீர்கள்? பறவைகளைப் பார்த்துக்கொண்டு 16 "நின்றானா", "நின்றதா"? உயர்திணை என்றால் மனிதன், அஃறிணை என்றால் இயந்திரம். பெயருக்கு என்ன சொல் போட்டாலும் வாக்கியத்தின் கடைசியில் குட்டு உடைந்துவிடும்.

சொல்தேடி:
இது நல்ல கேள்வி. ஜப்பானியத்தில் வினை ஆண் பெண் காட்டாது, எழுவாயையும் பாதி இடங்களில் விட்டுவிடலாம். உயிருள்ளதற்கு "இரு", இல்லாததற்கு "அரு" என்று ஒரு பிரிவு இருந்தாலும் தானாக நடமாடும் ரோபோவுக்கே இரு போட்டுவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

மை_கசியும்_பேனா:
எல்லோருக்கும் அவன், அவள். முடிந்தது. மிஸ்டர் சாத்தான் கோகுவின் மகன் கோஹானின் பக்கம் வீசும் 16இன் தலை பேசுகிற பக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெறும் தலை, கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, தான் நேசித்த உயிர்களைக் காப்பாற்று என்று கேட்கிறது. இதோ, "கேட்கிறது" என்று நானே எழுதிவிட்டேன், பாருங்கள் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று. "கேட்கிறான்" என்றுதான் வர வேண்டும்.

கேப்ஸ்யூல்காரன்:
அசிங்கமா? அங்கேதான் வித்தியாசத்தையே காட்ட முடியும். அதுவரை 16க்கு "அது" போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் கோஹான் வாயால் முதல்முறை "அவன்" என்று வரவழைத்தால் வாசகனுக்குத் தூக்கிவாரிப் போடும்.

ரூபி_எழுத்து:
மூலத்தில் இல்லாத திருப்பத்தை நீங்கள் எழுதுகிறீர்கள்.

கேப்ஸ்யூல்காரன்:
மூலத்தில் வினை வாயைத் திறக்கவில்லை, தமிழில் திறந்தே ஆக வேண்டும். எப்படியும் பேசப்போகிறது என்றால் நல்ல இடத்தில் பேசட்டுமே.

பழைய_விசிறி:
தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் 19ஐ என்ன செய்வது? அவனும் முழு இயந்திரம், கடைசிவரை யாருக்கும் அவன் மேல் இரக்கமே வராது. அவனுக்கு "அது", 16க்கு மட்டும் பதவி உயர்வு என்றால், யார் மனிதர் என்பதை மொழிபெயர்ப்பவர் பாசத்தை வைத்து முடிவு செய்த மாதிரி ஆகும்.

சொல்தேடி:
இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்கிறோம்: பொதுவாகச் சொல்லும்போது "செயற்கை மனிதர்", பேச்சில் "பதினெட்டு", "பதினாறு" என்று வெறும் எண், சிறுவன் கோகு மஸ்கிள் டவரில் சந்திக்கும் 8ஆம் எண்ணுக்கும் அதே முறை. வினை எல்லோருக்கும் உயர்திணை. கேப்ஸ்யூல்காரன் சொன்ன மாதிரி 16ஐ மட்டும் ஒரு அத்தியாயத்தில் "அது" போட்டு எழுதி, இரண்டையும் குழுவில் படிக்கக் கொடுக்கிறேன்.

கேப்ஸ்யூல்காரன்:
எழுதுங்கள், படிக்கிறேன். அட்டையில் மட்டுமாவது ஆண்ட்ராய்டு என்று போடுங்கள், தேடுகிறவனுக்குக் கிடைக்க வேண்டாமா.

மை_கசியும்_பேனா:
போன் கடைக்காரன்தான் வந்து நிற்பான்.