வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் போட எந்த மாஸ்க் சரிப்படும்?

வணக்கம். சின்ன ஷெட்டில் ஸ்டிக் வெல்டிங் (மின்சாரத்தால் ராடை உருக்கிப் பற்றவைப்பது) செய்கிறேன், பெரும்பாலும் 3.15 மி.மீ. ராடு, 100 முதல் 120 ஆம்பியர். கண்ணுக்கும் முகத்துக்கும் கவலை இல்லை: ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் (ஒளி பட்டதும் கண்ணாடி தானே கறுக்கும்), ஷேட் 11 (கறுப்பின் அளவு), ஸ்லாக் (பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கசடு) தட்ட ஹெல்மெட்டைத் தூக்கும்போது சில்லு தெறிக்காமல் இருக்க உள்ளே பாதுகாப்புக் கண்ணாடி. சிக்கல் புகைதான். ஈரத்துணியைக் கட்டினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் புகையில் இருக்கும் உலோகத் துகள் அத்தனை நுண்ணியது, துணி எதைத் தடுக்கும்?

பி 100 ஃபில்டர் (நுண்துகளையும் பிடிக்கும் வகை) உள்ள அரைமுக மாஸ்க் வாங்க நினைக்கிறேன், இரண்டு பக்கமும் துருத்தும் ஃபில்டர் ஹெல்மெட்டில் இடிக்காதா, தட்டையான ஃபில்டர் பயன்படுத்துபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம் எனக்குத் தாடி உண்டு (எடுக்க மனசில்லை), மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும் என்பதால் மோட்டார் வைத்துக் காற்று ஊதும் ஹெல்மெட்தான் வழியா?

அடுத்து வருவது கால்வனைஸ்டு (துத்தநாகப் பூச்சு உள்ள) பைப் வேலை. துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும் என்று தெரியும், அதனால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைப்பேன். இணைப்பிலிருந்து எவ்வளவு தூரம் வரை எடுக்கிறீர்கள்? தேய்க்கும்போதும் மாஸ்க் போடுவீர்களா? ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தால் புகை முகத்துக்கு வராமல் விலகுகிறதா?