ஜப்பானிய ரிசீவரில் 90க்கு மேல் வானொலி இல்லை: டிஏசி வாங்கினால் சரியாகுமா?

அலைதேடி (வெள்ளவத்தை):

வணக்கம். ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியான ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். அதன் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் நின்றுவிடுவதால், நான் வழமையாகக் கேட்கும் நிலையங்கள் கிடைப்பதில்லை. கடைக்காரர் தந்த ‘பான்ட் எக்ஸ்பான்டர்’ பெட்டியை அன்ரெனாவுக்கும் ரிசீவருக்கும் இடையே பொருத்திய பின்னர் சில நிலையங்கள் வருகின்றன. எனினும் இரைச்சல் ஓயவில்லை. 384 கிலோஹேர்ட்ஸ் டிஏசி (எண்களாகச் சேமித்த ஒலியை அனலொக் மின் அலையாக மாற்றும் கருவி) ஒன்றை இணைத்தால் வானொலியும், கணினியில் சேமித்துள்ள இறுவட்டுப் பாடல்களும் தெளிவடையும் என்கிறார் அவர். வாங்கலாமா?

பழைய ரியூனர் (கொட்டாஞ்சேனை):

வானொலியைப் பொறுத்தவரை அந்த டிஏசி எதையும் மாற்றாது. உங்கள் ரிசீவரின் பண்பலைப் பகுதி அனலொக் ஆகவே இயங்குகிறது. அன்ரெனாவிலிருந்து ஸ்பீக்கர் வரை அந்த ஒலி எண்களாக மாறுவதே இல்லை. ஆகவே டிஏசிக்கு அங்கே வேலை கிடையாது.

எந்த நிலையத்தைத் தெரிவு செய்தாலும், ரிசீவரில் நிலையத்தைப் பிடிக்கும் பகுதியான ரியூனர் தனக்குள் இன்னோர் அலையை உண்டாக்கி, இரண்டையும் கலந்து, வித்தியாசமான 10.7 மெகாஹேர்ட்ஸை மட்டும் வடிகட்டி எடுக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது மாறுவது இந்த உள் அலையின் மீடிறன்தான். குவாட்ஸ் பளிங்கு ஒன்றுடன் இடைவிடாது ஒப்பிடப்படுவதால் அது விலகாமல் நிற்கிறது. ஆனால் 21.4 மெகாஹேர்ட்ஸ் தள்ளியிருக்கும் வேறொரு நிலையமும் அதே 10.7 வித்தியாசத்தைத் தரக்கூடும். ஜப்பானில் 90 முதல் 108 வரையான பகுதியில் அக்காலத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு இருந்தது. அது இவ்வாறு உள்ளே நுழையாதிருக்க, பிற நாட்டு ரியூனர்களில் நிலையத்துக்கு மேலே இருக்கும் உள் அலையை அங்கே கீழே வைத்தார்கள். பண்பலை 90உடன் நின்றதற்கும் அந்தத் தொலைக்காட்சியே காரணம். எனவே திரையில் தெரியும் எல்லையை மாத்திரம் 108ஆக்குவது போதாது. முன்பகுதிச் சுருள்களையும் சேர்த்துச் சீர்செய்ய வேண்டும்.

எக்ஸ்பான்டரோ வரும் அலைகள் யாவற்றையும் ஒரே அளவு கீழே இறக்குகிறது. அது 12 மெகாஹேர்ட்ஸ் இறக்குமானால் 88 முதல் 102 வரை கிடைக்கும். 20 இறக்குமானால் 96 முதல் 108 வரை கிடைக்கும். உங்கள் ரிசீவரின் சாளரம் 14 மெகாஹேர்ட்ஸ் அகலமே. நமது பண்பலையோ 20 அகலம். எந்தப் பெட்டியாலும் முழுவதையும் ஒரே தடவையில் உள்ளே கொண்டுவர இயலாது. மேலும், கொழும்பில் வலுவான நிலையங்கள் பல நெருக்கமாக இருப்பதால், மலிவான பெட்டியின் கலப்பி திணறி, அவற்றைத் தமக்குள்ளேயே கலந்துவிடுகிறது.

மொனோ பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். இடது வலது ஒலிகளின் வித்தியாசம் 23 முதல் 53 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியில் ஏற்றி அனுப்பப்படுகிறது. பண்பலையில் இரைச்சல் மீடிறனோடு சேர்ந்து உயர்வதால், அந்தப் பகுதியே அதிகம் பாதிக்கப்படுகிறது. அந்தப் பகுதியை விட்டுவிடும் மொனோவில் இரைச்சல் பெருமளவு அடங்கினால், உங்களுக்குத் தேவை நல்ல வெளி அன்ரெனா.

எண்கணக்கு:

டிஏசி பற்றி மட்டும் சொல்கிறேன். இறுவட்டில் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 மாதிரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒன்று, அதாவது 16 பிட். இவ்வேகத்தில் 22,050 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறையின்றி மீட்கலாம். மனிதச் செவியோ ஏறத்தாழ 20,000 உடன் நின்றுவிடும். கருவி இந்த மாதிரி வேகத்தை 384 கிலோஹேர்ட்ஸாக உயர்த்தும்போது, இடையில் செருகப்படுபவை கணக்கிட்டுப் பெற்ற எண்களேயன்றிப் புதிய இசை அல்ல. அவ்வாறு உயர்த்துவது வீண் என்றும் சொல்ல மாட்டேன்: இறுதியில் வரும் அனலொக் வடிகட்டி செங்குத்தாக வெட்ட வேண்டிய அவசியம் நீங்குகிறது. இறுவட்டு அறிமுகமான காலத்திலேயே பிலிப்ஸ் நிறுவனம் வேகத்தை நான்கு மடங்காக, 176.4 கிலோஹேர்ட்ஸாக உயர்த்தி, 14 பிட் மாற்றியைக் கொண்டே 16 பிட்டுக்கு ஈடான தரத்தைப் பெற்றது. பெட்டியில் பெரிய எண்ணை அச்சிடுவது விற்பனைக்காரரின் ஆசை. கணினியின் ஒலி வெளியீட்டில் சீறலோ மின்னிரைச்சலோ கேட்டால், எளிய டிஏசி ஒன்றே அதைத் தீர்த்துவிடும்.

அலைதேடி:

இருவருக்கும் நன்றி. மொனோவில் இரைச்சல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் 90க்கும் 96க்கும் இடைப்பட்ட நிலையங்கள் மட்டும் வருவதேயில்லை.

பழைய ரியூனர்:

அப்படியானால் உங்கள் பெட்டி 20 இறக்கும் வகை. அந்த நிலையங்கள் தேவையென்றால், ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரித்த தனி ரியூனர் ஒன்றைத் தேடி, ரிசீவரின் ‘ஒக்ஸ்’ (வெளிக் கருவிகளை இணைக்கும்) நுழைவில் இணையுங்கள், எக்ஸ்பான்டரை அகற்றிவிடலாம். இன்னொன்று: ஜப்பானிய ரிசீவர் 100 வோல்ற்றுக்கு உரியது. மின்னழுத்தத்தைக் குறைக்கக் கடையில் தந்த டிரான்ஸ்போமரின் வாற்று அளவு, ரிசீவரின் பின்புறத்தில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக உள்ளதா என்று இன்றே பாருங்கள்.