புதுப்பிப்பு: ரிவெட் நட் கருவி வாங்கியாச்சு

1.2 மி.மீ. தகட்டில் பேனல் பெட்டி செய்கிறோம், எம்4 முதல் எம்8 வரை (4 முதல் 8 மி.மீ. போல்ட்டுக்கான) ரிவெட் நட் பிடிக்க எந்தக் கைக்கருவி எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். ரிவெட் நட் என்றால் தகட்டுத் துளையில் நுழைத்து, கருவியால் இழுத்து நசுக்கிப் பிடிக்கவைக்கும் மரையுள்ள நட். ஒரு கையால் அமுக்கும் கட்டிங் பிளேயர் மாதிரியானதா, நீளக் கைப்பிடி இரண்டு உள்ளதா என்பதுதான் குழப்பம். நீளமானதையே எடுத்தாச்சு.

கப்பலூர் பட்டறையில் வேலைக்கு இறக்கிவிட்டோம். எம்4, எம்5 மட்டும் என்றால் சின்னதே தாராளம். எம்8 இரும்பு நட்டை அதில் நசுக்கப் பார்த்தால் மணிக்கட்டு கழன்றுவிடும். "நீளம் சரிதாண்ணே, பெட்டி மூலைக்குள்ள நுழையலையே" என்றான் தம்பி. உண்மைதான். மூலை நட்டுகளைத் தகட்டை மடக்கும் முன்னாலேயே பிடித்துவிடுகிறோம்.

கருவியை விடத் துளைதான் முக்கியம். எங்கள் எம்6 நட்டுக்கு 9 மி.மீ. துளை. ட்ரில் கொஞ்சம் ஆடிப் பெரிதானால், போல்ட்டை முறுக்கும்போது நட்டும் சேர்ந்தே சுற்றும். அப்புறம் கிரைண்டரை எடுக்க வேண்டியதுதான். பிசிறைத் தட்டாமல் விட்டால் நட்டின் விளிம்பு தகட்டோடு படியாது. கருவி நட்டை எவ்வளவு இழுக்கிறது என்ற இழுப்பு அளவைக் கழிவுத் தகட்டில் வைத்துப் பாருங்கள்: குறைந்தால் நட் லூஸ், கூடினால் மரை போச்சு.

மாண்ட்ரல் (நட்டுக்குள் திருகி அதை இழுக்கும், கருவியின் மரைத் தண்டு) தேயுமா என்று கேட்டவருக்கு: தேயும். அதன் நுனி நட்டைத் தாண்டி ஒரு மரையாவது வெளியே தெரியும்வரை ஏற்றிவிட்டு அமுக்குங்கள், அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். எம்6 மாண்ட்ரல் ஒன்று உபரியாக வாங்கி வைத்திருக்கிறேன், அதிகம் ஓடுவது அதுதான்.