உதவி: வேலூர் மேப்ல ஊரே நோய்ல படுத்துக்கிச்சு (சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், நகரம் கட்டுற கம்ப்யூட்டர் கேம்)

சேண்பாக்கம்_சிட்டி
அண்ணன்மாரே அவசரம். வேலூர் மேப்பை நானே பண்ணி ஆடிக்கினு இருக்கேன். நல்லா போய்க்கினு இருந்த ஊரு, திடீர்னு வீட்டுக்கு வீடு நோய் சின்னம். ஆஸ்பத்திரி கட்டினேன், இன்னொண்ணும் கட்டினேன், நிக்கல. இப்ப சாவு வண்டி பத்தல. பாதி வீடு காலி. கரன்ட் கீது, தண்ணி கீது, பைப் எல்லாம் சரியா கீது. காசு கரைஞ்சிக்கினே போவுது. இன்னா பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.

ஆரணி கேமர்
முதல் பாகமா, ரெண்டாவதா? டிஎல்சி, அதாவது கூடுதல் தொகுப்பு, எது எது இருக்கு? மோட், அதாவது ஆடறவங்க செஞ்சு விட்ட மாற்றம், ஏதாவது போட்டிருக்கியா? மக்கள்தொகை எவ்ளோ? இதெல்லாம் சொல்லாம எப்படிப்பா சொல்றது. தண்ணி பார்வையைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் போடு.

டிரக்_ஆற்காடு
இது டிராஃபிக் பிரச்சனை, நூத்துக்கு நூறு. ஆஸ்பத்திரி எத்தனை கட்டினாலும் ஆம்புலன்ஸ் வீட்டுக்கு வந்து சேரணும் இல்ல? கிரீன் சர்க்கிள் மாதிரி ஒரு ரவுண்டானா போட்டு ஊரையே அதுல இறக்கி விட்டிருப்பே. இந்த கேம்ல ஒரே நேரத்துல ஓடக்கூடிய வண்டி மொத்தமே 16,384தான், அதுக்கு மேல ஒண்ணும் வெளிய வராது. டிராஃபிக் மேனேஜர் மோட் போட்டு லேனைப் பிரி. நோய் தானா குறையும்.

குடியாத்தம்2015
சத்தம் பார்த்தியா? பலருக்குத் தெரியாது, இந்த கேம்ல சத்தமும் ஆளைப் படுக்க வைக்கும். பைபாஸ் ஓரமா வீட்டு மனை போட்டிருந்தா அதுதான் காரணம். நடுவுல மரம் நடு, நிறைய நடு. மரம் எல்லா மாசையும் இழுத்துக்கும்.

பழைய மேயர்
மரம் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும். மண் மாசையும் தொடாது, தண்ணீர் மாசையும் தொடாது. தெரியாததைச் சொல்லிப் பையனைச் சுற்றவிடாதீர்கள்.

தம்பி, சிம்சிட்டி 2000 என்ற பழைய விளையாட்டின் காலத்திலிருந்து நகரம் கட்டுகிறவன் நான். இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது, கேட்பவர் யாரும் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை. வீட்டுக்கு வீடு ஒரே நேரத்தில் நோய் என்றால் முதலில் பார்க்க வேண்டியது குடிநீர். பம்ப் எங்கே, கழிவு வெளியேறும் குழாய் எங்கே? இந்த இரண்டையும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக் கணக்கைச் சொல்லி என்ன பயன்?

சேண்பாக்கம்_சிட்டி
முதல் பாகம்ணா. டிஎல்சி ஒண்ணும் இல்ல. ஸ்கிரீன்ஷாட் அப்புறம் போடறேன், இப்ப போன்லேர்ந்து எழுதறேன். பம்ப்பு சேண்பாக்கம் பக்கம், அதாவது ஆத்துக்கு மேல. கழிவு விருதம்பட்டு பாலத்தாண்ட, கீழ. தண்ணி மேற்கேர்ந்து கிழக்கே போவுது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதனால தண்ணியில ஒண்ணும் இல்ல. வேற எதாவது சொல்லுங்க.

டிரக்_ஆற்காடு
அதான் சொல்றேனே, டிராஃபிக்.

ஆரணி கேமர்
இரு இரு. பம்ப் எத்தனை? மேப் எடிட்டர்ல தண்ணி ஊத்து எவ்ளோ வெச்சே? ரெண்டும் முக்கியம்.

சேண்பாக்கம்_சிட்டி
பம்ப்பு நாலஞ்சு இருக்கும். ஊரு பெருசாக பெருசாக பக்கத்துல பக்கத்துலயே வெச்சிக்கினு போனேன். ஆத்துத் தண்ணிய கொறைச்சிதான் வெச்சேன், நம்ம பாலாறு மாதிரி இருக்கணும்னு. நடுவுல மணல் தெரியணும், ஓரத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி. பார்க்க அப்படியே நம்ம ஊரு.

பழைய மேயர்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது.

பொறுமையாகப் படி. இந்த விளையாட்டில் ஆறு என்பது வரைந்து வைத்த படம் அல்ல. மேப்பின் ஓரத்தில் நீ வைத்த ஊற்றிலிருந்து தண்ணீர் உண்மையிலேயே பள்ளம் பார்த்து ஓடுகிறது. ஒரு பம்ப் நிலையம் வாரத்துக்கு 1,20,000 கன மீட்டர் வரை இழுக்கும். ஐந்தை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தால் 6,00,000. உன் ஊற்று அவ்வளவு தரவில்லை என்றால் சேண்பாக்கத்தில் நீர்மட்டம் இறங்கிப் பள்ளமாகிவிடும். அதே நேரத்தில் ஊர் குடித்த தண்ணீர் முழுவதும் கழிவாக விருதம்பட்டில் ஆற்றில் விழுகிறது, அதனால் அங்கே மட்டம் ஏறுகிறது. மேற்கே பள்ளம், கிழக்கே மேடு. பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பாலத்தடியில் விழுந்த சாக்கடை திரும்பிச் சேண்பாக்கத்துக்கே வருகிறது. உன் ஊர் தன் கழிவையே சுற்றிச் சுற்றிக் குடிக்கிறது.

சரிபார்க்க வழி இருக்கிறது. புதிதாக ஒரு பம்ப் வைக்கப் போவதுபோல் எடுத்து ஆற்றின் மேல் பிடி, வைக்காதே. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அம்புகள் தெரியும். எந்தப் பக்கம் காட்டுகிறது என்று வந்து சொல்.

குடியாத்தம்2015
ஆத்துல தண்ணிய கொறைச்சதே தப்பு. 2021 நவம்பர்ல பாலாறு எப்படி ஓடுச்சுன்னு பாத்தவங்க சொல்லுவாங்க. அந்த அளவுக்கு ஊத்து வெச்சிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது.

ராணிப்பேட்டைக்காரன்
வெள்ளம் வந்த ஒரு மாசத்தை வெச்சு பாலாறு செய்யச் சொல்றீங்களா? "நீரில்லா ஆறு"ன்னு ஊரே சொல்லுது. தம்பி செஞ்ச மேப்தான் சரியான வேலூர். குறை கேம்லதான். அதுக்கு ஆறுன்னா வருஷம் பூரா ஒரே அளவு ஓடணும். ஆனியில வறண்டு ஐப்பசியில பெருகுற ஆத்தை அதுல செய்யவே முடியாது. நம்ம ஆத்துல தண்ணி மேல இல்ல, மணலுக்குக் கீழ. உறைகிணறு இறக்கி எடுத்துக் குடிச்ச ஊரு இது, ஊத்துக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு போன ஊரு. மணல்னு ஒண்ணு தண்ணிய பிடிச்சு வெச்சிக்கும்ங்கிற எண்ணமே அந்த கேம் செஞ்சவங்களுக்கு இல்ல.

ஆரணி கேமர்
ஃபின்லாந்துல உக்காந்து ஒரு சின்ன டீம் 2015ல செஞ்ச கேம் அது. அவங்க பார்த்த ஆறு அப்படி. இருந்தும் நிலத்தடி நீரை ஓரளவு வெச்சிருக்காங்களே, வாட்டர் டவர் அதைத்தானே எடுக்குது.

ராணிப்பேட்டைக்காரன்
அது இன்னும் மோசம். டவரை எங்க வெச்சாலும் வாரத்துக்கு 60,000 கன மீட்டர் வந்துக்கிட்டே இருக்கும், என்னைக்கும் வத்தாது. எங்க ஊர்ல போர் போட்டவன்கிட்ட போய் இதைச் சொல்லுங்க.

யெலகிரி_வியூ
ரெண்டாம் பாகத்துல நிலத்தடி நீர் இருக்குற இடத்துலதான் எடுக்க முடியும், ஓவரா இழுத்தா குறையும், மேல தொழிற்சாலை வெச்சா கெட்டும் போகும். 2023 அக்டோபர்ல வந்தப்ப என் கம்ப்யூட்டர்ல நகரவே இல்ல, ஆனா இந்த ஒரு விஷயத்துக்காகவே அதுலதான் ஆடறேன்.

திருப்பத்தூர்_தோழர்
உண்மையான சிமுலேஷன் வேணும்னா ஒர்க்கர்ஸ் அண்ட் ரிசோர்சஸ்: சோவியத் ரிபப்ளிக் ஆடுங்க. அதுல சாக்கடை பைப் சரிவா இறங்கிப் போகணும், மேடு குறுக்க வந்தா பம்ப் வெச்சு ஏத்தணும். பைப்பை இழுத்துவிட்டா வேலை முடிஞ்சதுன்னு கிடையாது. தெருத் தெருவா உயரம் பார்த்துப் போட்டு, கடைசியில ஒரு வீட்டுல தண்ணி திறக்குது பாருங்க, அந்த சந்தோஷம் வேற எந்த கேம்லயும் எனக்குக் கிடைச்சதில்ல.

பழைய மேயர்
இழையைத் திசைதிருப்ப வேண்டாம். பையன் கேட்டது வேறு.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நுணுக்கம் கூடக் கூட நல்ல சிமுலேஷன் ஆகிவிடாது. ஒரு காரியத்தின் காரணத்தை ஆடுகிறவன் தன் கண்ணாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், அதுதான் எனக்கு அளவுகோல். சிம்சிட்டி 2000ல் தண்ணீர் ஓடவே ஓடாது, அது வெறும் நீலக் கட்டம். இங்கே ஓடுகிறது, அம்பு காட்டுகிறது, பழுப்பாகத் தெரிகிறது. மணலுக்கடியில் நடப்பதை எல்லாம் கணக்குப் போட்டுவிட்டு ஆடுகிறவனுக்குக் காட்டாமல் விட்டால் அந்தக் கணக்கு யாருக்கு?

ராணிப்பேட்டைக்காரன்
காட்டட்டுமே சார். காட்ட முடியாதுன்னு யார் சொன்னது? எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த கேம்ல தொழிற்பேட்டையை இடிச்சுட்டா மண் மாசு கொஞ்சம் கொஞ்சமா தானா மறைஞ்சுடும். கொஞ்ச நேரத்துல அதே இடத்துல வீடு கட்டலாம். எங்க ஊர்ல ஆலை மூடி 25 வருஷத்துக்கு மேல ஆகியும் குரோமியக் கழிவு மேடு அங்கேயே கிடக்கு, மழை பெஞ்சா மஞ்சளா வடியுது. மண்ணுக்கு மறதி உண்டுன்னு சொல்லிக் குடுக்குற கேமை நுணுக்கமான சிமுலேஷன்னு எப்படி சொல்றது?

இன்னொண்ணு, செலவு யார் தலையில? டேனரி (தோல் பதனிடுற ஆலை) வழக்குல, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்டது, 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. கெடுத்தவன்தான் சரி பண்ற செலவைக் கொடுக்கணும்னு சொல்லி, டேனரிக்கு தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டாங்க. கேம்ல சுத்திகரிப்பு நிலையம் கட்டறது நகராட்சி, ஆஸ்பத்திரி கட்டறது நகராட்சி. ஆலைக்காரன் லாபத்தோட போய்க்கிட்டே இருக்கான்.

ஆரணி கேமர்
தொழில் வரியைத் தனியா ஏத்தலாமே. ஸ்லைடர் இருக்கே.

ராணிப்பேட்டைக்காரன்
வரி வேற, அபராதம் வேற. வரி ஏத்தினா சுத்தமா வேலை பாக்குறவனும் அதே காசைக் கட்டறான். சுத்திகரிப்பு வெச்ச ஆலைக்கும் வெக்காத ஆலைக்கும் கேம்ல வித்தியாசமே கிடையாது.

டிரக்_ஆற்காடு
அண்ணா, தோல் தொழிலை நம்பி ஆம்பூர்லயும் வாணியம்பாடியிலயும் எத்தனை குடும்பம் சாப்பிடுது, அதையும் சேத்துப் பேசுங்க. கேம்ல ஆலையை மூடினா வேலை இல்லாத சின்னம் வருதே, அது மட்டும் நிஜம் மாதிரி இல்லையா?

ராணிப்பேட்டைக்காரன்
மூடச் சொல்லவே இல்லையே. என் அப்பாவும் தோல் வேலைதான். சுத்திகரிச்சு விடுங்கன்னுதான் சொல்றேன். கேம்லயும் அந்த வழி இருக்கணும்னு கேக்கறேன்.

சேண்பாக்கம்_சிட்டி
அண்ணா!! அம்பு திரும்பி கீது. பாலத்துலேர்ந்து சேண்பாக்கத்துக்கு போவுது. ஆறு முழுக்க பழுப்பு. இப்ப இன்னா பண்ணணும்? மேப் எடிட்டர்ல போய் ஊத்தை ஏத்திட்டா சரியாயிடுமா?

பழைய மேயர்
ஆகாது. சேமித்த விளையாட்டு அதன் மேப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். எடிட்டரில் இப்போது மாற்றினால் புது ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். இந்த ஊரைக் காப்பாற்ற நான் சொல்கிறபடி செய். கழிவுக் குழாயைப் பாலத்தடியிலிருந்து எடுத்து, உன்னிடம் இருக்கும் நிலத்தில் கிழக்கே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளு. பம்ப்புகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொள், அதுவும் ஒன்றையொன்று ஒட்டாமல். குறையும் தண்ணீருக்கு வாட்டர் டவர். சுத்திகரிப்பு நிலையம் திறந்திருந்தால் குழாய்க்குப் பதில் அதை வை. அதுவும் முழுவதும் சுத்தமாக்காது, ஆகவே அதையும் கீழேதான் வைக்க வேண்டும்.

யெலகிரி_வியூ
எக்ஸ்ட்ரா லேண்ட்ஸ்கேப்பிங் டூல்ஸ்னு ஒரு மோட் இருக்கு. அதுல ஆட்டத்துக்கு நடுவுலயே தண்ணி ஊத்தைக் கூட்டலாம். முதல்ல சேவ் பண்ணிட்டுத் தொடு, அளவு தெரியாம ஏத்தினா ஊரு மூழ்கிடும்.

சேண்பாக்கம்_சிட்டி
குழாயை மாத்திட்டேன், பம்ப்பும் ரெண்டுதான் இப்ப. ஆறு தெளிஞ்சிடுச்சு. ஆனா நோய் நிக்கல. பாதி ஊருக்கு கொறைஞ்சிருக்கு, பாதிக்கு அப்படியே கீது.

டிரக்_ஆற்காடு
இப்பவாவது ரோட்டைப் பாரு.

ஆரணி கேமர்
டவர் ஏற்கனவே வெச்சிருக்கியா? எங்க?

சேண்பாக்கம்_சிட்டி
ஆமா ரெண்டு கீது, ஆரம்பத்துலேர்ந்தே. தொழிற்பேட்டையாண்ட, இடம் சும்மா கிடந்துச்சுன்னு. அது ஆத்துத் தண்ணி எடுக்காதே, அதான் சொல்லல.

ஆரணி கேமர்
அதுதான்பா! டவர் நிக்கிற மண்ணு கெட்டிருந்தா அது தர்ற தண்ணியும் கெட்டதுதான். மாசு பார்வையைத் திற, தொழிற்பேட்டையைச் சுத்தி தரை நிறம் மாறியிருக்கும். அந்த ரெண்டையும் இடிச்சுட்டு மேற்கே சுத்தமான மண்ணுல புதுசா கட்டு. அப்படியே பழைய பம்ப் ரெண்டையும் இடிச்சுக் கட்டிடு, உள்ள தேங்கின அழுக்குத் தண்ணி மிச்சம் இருக்கும்.

ராணிப்பேட்டைக்காரன்
தொழிற்பேட்டை பக்கத்துல குடிதண்ணி எடுத்தா என்ன ஆகும்ங்கிறதை மட்டும் இந்த கேம் சரியா வெச்சிருக்கு. அதுக்கு நான் மதிப்பு கொடுக்கறேன்.

பழைய மேயர்
டவர் இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இனி கேள்வி கேட்பவர்கள் பம்ப், டவர், கழிவுக் குழாய், தொழிற்பேட்டை நான்கும் தெரியும்படி ஒரு படம் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

திருப்பத்தூர்_தோழர்
சோவியத் ரிபப்ளிக்ல இப்படி ஆச்சுன்னா நிலைமை இன்னும் பயங்கரமா இருக்கும். யாருக்காவது சாக்கடை போடற விவரம் வேணும்னா தனி இழை தொடங்குங்க, படத்தோட எழுதறேன்.

சேண்பாக்கம்_சிட்டி
சரியாயிடுச்சு ண்ணா. நோய் சின்னம் போச்சு, காலி வீட்ல ஆள் வர ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாருக்கும் தேங்க்ஸ்.

குடியாத்தம்2015
மேப் ஃபைலை எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி ஒர்க்‌ஷாப்ல போடுப்பா. நாங்களும் ஆடிப் பாக்கறோம்.

ராணிப்பேட்டைக்காரன்
போடறப்ப ஊத்தை ஏத்தாம அப்படியே போடு தம்பி. மணல் தெரியற பாலாறுதான் வேணும். கிழக்கே ராணிப்பேட்டை வரைக்கும் அந்த மேப்ல வருமா?

ஆரணி கேமர்
வராதுங்க. மேப் மொத்தமே பக்கத்துக்கு 17.28 கிலோமீட்டர் இருக்குற சதுரம்தான், அதுலயும் மோட் இல்லாம வாங்க முடியறது 9 கட்டம். வேலூரை நடுவுல வெச்சா ராணிப்பேட்டை வெளிய போயிடும். தனியாத்தான் செய்யணும், நீங்க ஆரம்பிச்சா நான் தரையோட மேடு பள்ளம் காட்டுற உயரப் படம் எடுத்துத் தர்றேன்.