ஃப்ரீரன் அனிமேல எக்ஸாம் ஆர்க் (மேஜ், அதாவது மந்திரவாதிகளுக்கு தேர்வு நடக்கற கதைப்பகுதி) உங்களுக்கு எப்படி போகுது? கூட இந்த சீசன்ல வேற எதை வாரா வாரம் பாக்குறீங்க?

வெள்ளி_ராத்திரி
18 பிப்ரவரி 2024

ஃப்ரீரன் 23 வரைக்கும் பாத்தாச்சு, அதனால 23 வரைக்கும் என்ன வேணா பேசலாம், மங்கால (அனிமேக்கு மூலமான காமிக்ஸ்) அடுத்து என்ன வருதுன்னு மட்டும் யாரும் வாய விட்டுடாதீங்க ப்ளீஸ்.

விஷயம் என்னன்னா என் கூட முதல் எபிசோட்ல இருந்து பாத்துட்டு வந்தவங்க எக்ஸாம் ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கறாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழற எல்ஃப் மேஜ் ஃப்ரீரன் அமைதியா ஊர் ஊரா போயிட்டு இருந்த கதை, செத்துப்போன பழைய கூட்டாளி ஹீரோ ஹிம்மெல் நினைப்பு, பூ வரவைக்கற மேஜிக், இதெல்லாம் போய் இப்ப யார் யாரை அடிக்கறான்னு ஆகிடுச்சுன்னு சொல்றாங்க. அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல, 17ல கூட வந்த பாதிரியார் ஸைன் கிளம்பிட்டாரு, 18ல எக்ஸாம் ஆரம்பம், ஸ்டார்க் வாரியர்ங்கறதால எக்ஸாம்லயே கிடையாது, நம்ம பழகின கூட்டத்தை ஒரே வாரத்துல கலைச்சுட்டு ஜெர்மன் பேர் வச்ச புதுப்புது ஆளுங்களா கொண்டு வந்து நிறுத்தினா யாருக்கும் கொஞ்சம் தலை சுத்தத்தான் செய்யும்.

ஆனா எனக்கு 21 இன்னும் மனசுல இருந்து போகல. டோம் மாதிரி அந்த பேரியர் (மாயத் தடுப்பு), மேல மழை கொட்டுது, உள்ள ஒரு சொட்டு விழல, எக்ஸாம்ல இருக்கற கன்னே கிட்ட தண்ணி மேஜிக் இருந்தும் தண்ணி இல்லாம அடி வாங்கிட்டு நிக்கறா. ஃப்ரீரன் அந்த பேரியரை உடைச்சதும் காடு முழுக்க மழை இறங்குது பாருங்க, அந்த செகண்ட்ல அவளோட மோதற ரிஷ்டர் மூஞ்சி மாறுறதை நான் பாஸ் பண்ணி பாத்தேன். பெரிய வெடி, கத்தல் எதுவும் வேணாம், மழை விழுந்தாலே போதும்னு ஒரு ஃபைட்டை முடிக்க தைரியம் வேணும்.

ரெண்டு கேள்வி. இந்த ஆர்க்கை வாரா வாரம் பாக்கலாமா, இல்ல மார்ச்ல 28 எபிசோடும் முடிஞ்சதும் மொத்தமா பாக்குறதுதான் சரியா? இன்னொன்னு, இதோட சேர்த்து ரெண்டு மூணு ஷோதான் எனக்கு டைம் இருக்கு, எதை எடுக்கலாம்?

——

பூனைக்கண்

வாரா வாரம் பாருங்க, நிறுத்தினவங்களையும் திருப்பி இழுத்துட்டு வாங்க. ஏன் சொல்றேன்னா இந்த ஆர்க் எங்கயோ இருந்து திடீர்னு வந்து குதிக்கல, 3வது எபிசோட்லயே இதுக்கு அஸ்திவாரம் போட்டாச்சு.

குவால் ஞாபகம் இருக்கா? 80 வருஷமா சீல்ல (மந்திரத்தால அடைச்சு வச்சு) இருந்த டீமன். அவன் கண்டுபிடிச்ச ஸோல்ட்ராக் அந்த காலத்துல எந்த டிஃபென்ஸையும் துளைச்சுட்டு போகும், எத்தனையோ மேஜ்களை காவு வாங்கின மேஜிக் அது. அவன் சீல்ல இருந்து வெளிய வந்து அதையே அடிக்கறான், ஃப்ரீரனோட சிஷ்யை ஃபெர்ன் சாதாரணமா தடுக்கறா, இது நார்மல் அட்டாக் மேஜிக் தானேன்னு கேக்கறா. ஏன்னா அந்த 80 வருஷத்துல மனுஷங்க அதை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு படிச்சு, தடுக்கறதுக்கு வழி கண்டுபிடிச்சு, கடைசில அதையே எல்லாரும் கத்துக்கற பேசிக் பாடமா ஆக்கிட்டாங்க. இப்ப எக்ஸாம்ல ஃபெர்ன் இன்னொரு போட்டியாளர் எய்ரே கூட மோதுறப்ப என்ன யூஸ் பண்றா? அதே ஸோல்ட்ராக், அதே பேசிக் டிஃபென்ஸ், வேற ஒண்ணும் இல்ல. ஸ்பீடும் அளவும் மட்டும்தான். எதிர்ல இருக்கறவ விதவிதமா மேஜிக் காட்டியும் ஒண்ணும் எடுபடல.

ஃப்ரீரனுக்கு 80 வருஷம்ங்கறது ஒண்ணுமே இல்ல, மனுஷங்களுக்கு அது மூணு தலைமுறை, அந்த மூணு தலைமுறைல அவங்க எவ்ளோ தூரம் ஓடி வந்திருக்காங்கன்னு காட்டுறதுக்குத்தான் இவ்ளோ மேஜ்களை ஒரே இடத்துல கூட்டி வச்சிருக்காங்க. எக்ஸாம்ல இருக்கற டெங்கென் வயசானவர், ஃப்ரீரன் முன்னாடி அவர் ஒரு சின்னப் பையன் மாதிரி சந்தோஷமா சண்டை போடுறதைப் பாத்தீங்களா? காலம் எப்படி போகுதுன்னு சொல்ற கதைதானே இது, இப்பவும் அதையேதான் சொல்லுது, சொல்ற விதம்தான் மாறியிருக்கு.

——

அமைதி_விரும்பி

நான் இதை ஒத்துக்க மாட்டேன் ப்ரோ.

பூனைக்கண் சொல்ற கனெக்‌ஷன் இருக்கு, மறுக்கல. ஆனா எக்ஸாமோட முதல் கட்டத்துல ஒரு பறவையைப் புடிக்கறதுக்கு மூணு நாலு எபிசோட் தேவையா? முதல் கோர்ல (சுமார் மூணு மாசம் ஓடற எபிசோட் தொகுதி) ஒரே எபிசோட்ல ஒரு ஊர், ஒரு வயசானவர், ஹிம்மெலோட ஒரு சிலை, கண்ணுல தண்ணி வந்துடும். ஔராங்கற டீமன் வர்ற ஆர்க்கும் சண்டைதான், ஆனா அதுல ஃப்ரீரன் தன் மனாவை (மந்திர சக்தியை) ஆயிரம் வருஷமா அடக்கி வச்சே வாழ்ந்ததுக்கு காரணம் இருந்தது, அவளோட குரு ஃப்ளாம்மே இருந்தாங்க, யாருக்கு மனா அதிகம்னு எடை போடற அந்த தராசு ஃப்ரீரன் பக்கம் சாயறப்ப நமக்கு அவளோட மொத்த வாழ்க்கையும் அதுல தெரிஞ்சது. வீர்பெல், யூபல், லாண்ட் எல்லாம் நல்ல கேரக்டர்ஸ்தான், ஆனா அவங்க ஜெயிச்சா எனக்கு என்ன தோத்தா என்ன? அந்த பிடிப்பு இன்னும் வரல.

நான் முடிஞ்சதும் பாக்குற கட்சி. ஸைன் இல்லாத குறை பெரிய குறை.

——

கோர்_கணக்கர்

எக்ஸாமே வேணாம்னு சொல்றவங்க ஒண்ணு மறந்துடறாங்க, அவங்க போற வழில இருக்கற நார்த்தர்ன் ப்ளாட்டோவுக்குள்ள போகணும்னா கூட ஒரு ஃபர்ஸ்ட் க்ளாஸ் மேஜ் (இந்த எக்ஸாம் தர்ற பட்டம்) இருந்தே ஆகணும்னு ரூல். இதைத் தாண்டாம பயணமே கிடையாது.

அப்புறம் ஒரு விஷயம். இந்த ஷோவை டிவில போட்ட விதமே மத்ததுக்கு நடக்காதது. 29 செப்டம்பர் 2023ல நிப்பான் டிவியோட வெள்ளிக்கிழமை சினிமா ஸ்லாட்ல, படம் போடுற இடத்துல, முதல் 4 எபிசோடை சேர்த்து ரெண்டு மணி நேர ஸ்பெஷலா போட்டாங்க. அந்த ஸ்லாட்ல ஒரு டிவி அனிமே முதல் ஒளிபரப்பானது அதுதான் முதல் தடவை. அதுக்கு அப்புறம் வெள்ளி ராத்திரி 11 மணிக்குன்னு தனி அனிமே நேரம். ரெண்டு கோர் ப்ரேக் இல்லாம போகுது, டிசம்பர் 22க்கு அப்புறம் வருஷப் பொறப்புக்கு ஒரே ஒரு வாரம் லீவு விட்டு ஜனவரி 5ல திரும்ப வந்துட்டாங்க. மேட்ஹவுஸ் ஸ்டூடியோ இவ்ளோ எபிசோடையும் இந்த தரத்துல இழுத்துட்டு போறதே எனக்கு ஆச்சரியம். டைரக்டர் கெய்ச்சிரோ சைட்டோ, போச்சி த ராக் அனிமே எடுத்த அதே ஆள், அதுலயும் சின்னச் சின்ன அசைவுக்கு உயிரைக் கொடுத்திருப்பாரு.

மியூசிக் இவான் கால். ஹெட்ஃபோன்ல கேளுங்க.

——

தாடிக்காரர்_ரசிகை

யாருமே 23ல இருக்கற மிமிக்கை (புதையல் பெட்டி வேஷம் போடற மான்ஸ்டர்) சொல்லலையே!! பெட்டி மிமிக்னு 99 பர்சன்ட் காட்டுற மேஜிக் இருந்தும் மிச்சம் 1 பர்சன்டை நம்பி தலையை உள்ள விடுறாங்க ஃப்ரீரன். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள ஹிம்மெல் வந்துடறாரு, டஞ்சன்னா (மான்ஸ்டருங்க இருக்கற நிலத்தடி இடம்) ஒவ்வொரு மாடியும் ஒரு மூலை விடாம சுத்திப் பாத்துட்டுதான் கீழ இறங்கணும்னு அவர் பிடிவாதம் பிடிச்சதால இவங்க இப்பவும் எக்ஸாம் நடுவுல நிதானமா சுத்திட்டு இருக்காங்க. அமைதி_விரும்பி அண்ணா, ஹிம்மெல் இல்லன்னு சொன்னீங்களே, இதோ இருக்காரு. அவர் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவர் நடந்த மாதிரியே இவங்க நடக்கறாங்க, எனக்கு இதுதான் ஊர் ஊரா போற எபிசோடை விட ஆழமா பட்டது.

சரி, கேட்டதுக்கு வரேன். ரெண்டாவது ஷோ எதுன்னா டஞ்சன் மெஷி, யோசிக்கவே வேணாம். அங்கயும் இப்பதான் ஒரு மிமிக் வந்துச்சு, 6வது எபிசோட், கதைல வர்ற கூட்டத்துல ஒருத்தன் சில்சக் அது கூட ஒரே ரூம்ல மாட்டிக்கறான், அதைக் கொன்னு கடைசில என்ன பண்றாங்க? உப்புத்தண்ணில வேகவச்சு சாப்பிடறாங்க. ஒரே மாசத்துல ரெண்டு ஷோ ஒரே மான்ஸ்டரை எடுத்து இப்படி ரெண்டு விதமா காட்டுறதை வாரா வாரம் பாக்குறவங்கதான் அனுபவிக்க முடியும்.

தெரியாதவங்களுக்கு கதை: லையோஸோட தங்கச்சி ஃபாலினை ரெட் ட்ராகன் முழுங்கிடுது, அது செரிக்கறதுக்குள்ள போய் மீட்டாகணும், சாப்பாடு வாங்க காசு இல்ல, அதனால வழில வர்ற மான்ஸ்டரையே சமைச்சு சாப்பிட்டுட்டு இறங்கறாங்க. கேக்க விளையாட்டா இருக்கும், ஆனா மங்கா எழுதின ரியோகோ குய் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் உடம்பு, குணம், எதைத் தின்னும், எங்க ஒளியும்னு எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்காங்க. 3வது எபிசோட்ல நடக்கற கவசம் வருது இல்ல, அதுக்குள்ள பேய் பிசாசு எதுவும் இல்ல, கவசத்தோட ஒவ்வொரு துண்டுலயும் சிப்பி வகை உயிர் ஒட்டிட்டு இருக்கு, அதெல்லாம் சேர்ந்து ஒரு ஆள் மாதிரி நடக்குது. அதைக் கண்டுபிடிச்சதும் லையோஸ் முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, தங்கச்சியைத் தேடி வந்தவன்ங்கறதே மறந்துடும்.

இந்த வாரம் 7வதுல கூட்டத்து மேஜ் மார்சில், சமையல்காரர் சென்ஷியோட தாடிக்கு சோப்பு போட்டு கழுவி விடுறா, ஏன்னா தாடில படிஞ்ச எண்ணெய்ல தண்ணி மேல நடக்கற மேஜிக் அவர் மேல ஒட்டவே மாட்டேங்குது. அந்த சோப்பு எதுல செஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன், அது தெரிஞ்சு பாத்தா அந்த சீனோட சோகம் போயிடும்.

மங்கா போன வருஷமே முடிஞ்சுடுச்சு, 14 வால்யூம். ட்ரிகர் ஸ்டூடியோ, 24 எபிசோட், அதனால அவசர அவசரமா ஓட்ட மாட்டாங்கன்னு நம்பிக்கை இருக்கு.

——

மாவ்மாவ்_மருந்து

மூணாவது சீட் அப்போதிகரி டைரிஸுக்கு (அரண்மனைல மருந்து தெரிஞ்ச மாவ்மாவ்ங்கற பொண்ணு புதிர் அவிழ்க்கற ஷோ) குடுங்க, ப்ளீஸ் ப்ளீஸ்.

முதல் எபிசோட்ல ஈயம் கலந்த முகப்பவுடர் குழந்தைங்களைக் கொல்லுதுன்னு மாவ்மாவ் கண்டுபிடிச்சு, பேர் போடாம துணில எழுதி கிளைல கட்டி வச்சுட்டுப் போறா பாருங்க, அந்த ஒரு சீன்லயே அவ யாருன்னு தெரிஞ்சுடும். நல்லது பண்ணணும், ஆனா யாரு கண்ணுலயும் படக்கூடாது. அரண்மனை அதிகாரி ஜின்ஷி மோப்பம் பிடிச்சுட்டாரு, அது வேற.

நான் இதை வாரா வாரம் பாக்கணும்னு சொல்றதுக்கு நேத்து வந்த 19 தான் காரணம். ரெண்டாவது கோர்ல கிடங்குல தீ, மீன் சாப்பிட்டவருக்கு விஷம், உலோக வேலை செய்றவரோட குடும்பச் சொத்து விவகாரம்னு தனித்தனி கேஸா வந்துட்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் அந்த வாரமே முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. 19ல இதெல்லாம் ஒரே நூல்ல கோத்து வந்து நிக்குது. ஒரே நாள்ல உக்காந்து பாத்தா இந்த அதிர்ச்சி பாதிதான் இருக்கும், நடுவுல வாரங்கள் ஓடி நாம மறந்துட்டு இருக்கறப்ப வந்து அடிச்சாத்தான் வலிக்கும். பாக்காதவங்களுக்காக இதுக்கு மேல வாயைத் திறக்கல. கடைசி ரெண்டு நிமிஷம் மாவ்மாவுக்குப் பேசற ஆவோய் யூகி குரல் மட்டும் கேளுங்க.

——

ஈ_ரேங்க்

சோலோ லெவலிங்கை யாரும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும், நான் சொல்றேன். 2வது எபிசோட்ல அந்த கோயில் சிலைங்க முன்னாடி நடக்கறதை ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. சாமியைக் கும்பிடு, சாமியைப் புகழ், பக்தியை நிரூபின்னு மூணு கட்டளை, ஒவ்வொண்ணையும் ஹீரோ ஜின்வூ பயத்துல நடுங்கிட்டே மூளையை யூஸ் பண்ணி கண்டுபிடிக்கறான். அவன் உலகத்துலயே வீக்கான ஹன்டர் (மான்ஸ்டர் வேட்டைக்காரன்), அவன் கிட்ட இருந்தது அந்த மூளை மட்டும்தான். மேல சவானோ மியூசிக். கதைல ஆழம் இல்லன்னு சொல்றவங்க அந்த எபிசோடுக்கு பதில் சொல்லட்டும்.

பவர் வந்ததுக்கு அப்புறம் கொஞ்சம் ஈஸியா போகுது, அதை ஒத்துக்கறேன், ஆனா டெய்லி குவெஸ்ட் (தினமும் செய்ய வேண்டிய டாஸ்க்) முடிக்கலன்னா பாலைவனத்துல பூரானுங்க துரத்தும்ங்கற மாதிரி தண்டனையெல்லாம் எனக்கு பிடிச்சிருக்கு. வாரத்துல ஒரு நாள் இருபது நிமிஷம் நரம்பு புடைக்கப் பாக்க ஒரு ஷோ வேணும்ல.

——

பூனைக்கண்

சண்டை வேணாம்னு இருக்கறவங்களுக்கு எ சைன் ஆஃப் அஃபெக்‌ஷன் இருக்கு, யாரும் அதைத் தொடலயே. யூகிக்கு காது கேக்காது, காலேஜ் படிக்கறா. ட்ரெய்ன்ல ஒரு ஃபாரினர் வழி கேக்கறப்ப பதில் சொல்ல முடியாம தவிக்கறா, இட்சுவோமி வந்து உதவி பண்றான், அங்க ஆரம்பிக்குது. பேசறப்ப அவ உதட்டைப் படிக்கணும்னு அவன் நேரா திரும்பி நின்னு பேசறான், அவளுக்காக சைன் லாங்குவேஜ் கத்துக்க ஆரம்பிக்கறான். விரலுங்களை வரைஞ்சிருக்கற விதத்தைப் பாருங்க, அனிமேஷன்ல ரொம்ப கஷ்டமானது கைதான், இவங்க அந்த கைகளை வச்சே மொத்த வசனத்தையும் நடத்தறாங்க. ஸ்கிப் பண்ணி ஃபோன் நோண்டிட்டே பாக்க முடியாத ஷோ, கண்ணை எடுத்தா டயலாக் போயிடும்.

அமைதி_விரும்பி, உங்க பேருக்கே இதைத்தான் பாக்கணும் நீங்க.

——

அமைதி_விரும்பி

ஓகே இதை எடுத்துக்கறேன். தாடிக்காரர்_ரசிகை சொன்ன ஹிம்மெல் விஷயமும் யோசிக்க வைக்குது தங்கச்சி, 23ஐ அந்தக் கண்ணோட இன்னொரு தடவை பாக்குறேன். ஆனா பறவை எபிசோட் பத்தி என் கருத்து அப்படியேதான் இருக்கு.

——

வெள்ளி_ராத்திரி

எல்லாருக்கும் நன்றி. ஃப்ரீரன் வாரா வாரம்தான், முடிவு பண்ணிட்டேன், 24 வர்ற வரைக்கும் காத்திருக்கறதே ஒரு சுகமா இருக்கு. டஞ்சன் மெஷி இன்னிக்கு ராத்திரியே ஸ்டார்ட். அப்போதிகரி 19 எபிசோட் பின்னாடி இருக்கேன், மார்ச் ஃபைனலுக்குள்ள ஓடிப் புடிக்கணும், அதுவரைக்கும் யாராவது 19 பத்தி பேசினா ஸ்பாய்லர் டேக் போடுங்க. சோலோ லெவலிங் 2வது எபிசோட் மட்டுமாவது பாத்துட்டு வந்து ஈ_ரேங்க்குக்கு பதில் சொல்றேன்.

ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன், ஃப்ரீரனும் ஸ்பை ஃபேமிலி ஆன்யாவும் ஒரே ஆள் குரல், அத்சுமி தானேசாகி. டிசம்பர் வரைக்கும் ரெண்டும் ஒரே சீசன்ல ஓடிச்சு. ஆன்யா கத்துறதைக் கேட்டுட்டு உடனே ஃப்ரீரன் பேசறதைக் கேளுங்க.

——

கோர்_கணக்கர்

ஏப்ரல் லிஸ்ட்டுக்கு தனி த்ரெட் ஆரம்பிக்கறேன் மக்களே, அங்க வாங்க. இங்க வெள்ளிக்கிழமை 24 வந்ததும் பேசலாம், டஞ்சன்ல வந்த அந்த நகல் மேட்டரை எப்படி சமாளிக்கப் போறாங்கன்னு மங்கா படிக்காதவங்க கெஸ் போடுங்க.