புதுப்பிப்பு: கார்டிசால் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேனே

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தும் விடிகாலை மூன்றரைக்கே விழிப்பு, நாள் முழுக்க அசதி என்று போன மாதம் எழுதியிருந்தேன். பாதிப் பேர் கார்டிசால் (மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோன்) அளவைப் பாருங்கள் என்றீர்கள். அதையே மருத்துவரிடம் கேட்டேன்.

கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கார்டிசால் கூடியிருப்பது உண்மைதானாம். 'போதும், நிறுத்து' என்று அந்த ஹார்மோன் மூளைக்குச் சொல்லும் சேதி சரியாக எடுபடாமல், சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி அதைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. சிலருக்குக் குறைந்தும் இருக்கும். இரவில் டெக்சாமெதசோன் (கார்டிசால் போலவே வேலை செய்யும் மருந்து) கொடுத்து மறுநாள் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்த்து மனச்சோர்வை உறுதிசெய்ய 1980களில் முயன்றிருக்கிறார்கள். வேறு நோய்களிலும் கார்டிசால் அடங்காமல் இருந்ததால் அந்தப் பரிசோதனை நிலைக்கவில்லை.

சரி, மருத்துவர் எழுதிக் கொடுத்தது தைராய்டு பரிசோதனை. ரத்தம் எடுக்கும் இடத்தில், "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். சாப்பிடுகிறேன். அதிலுள்ள பயோட்டின் என்ற வைட்டமின் பரிசோதனை முடிவைக் குழப்புமாம். இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி போனேன்.

டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் கூடும்) 11.4! இருக்க வேண்டியது சுமார் 4-க்குள். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-உம் குறைவு. இப்போது அந்தக் குறையை ஈடுகட்ட வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, மூன்றாவது வாரம். விழிப்பு ஐந்து மணிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. சோகம் அப்படியேதான், மனச்சோர்வு மாத்திரையும் தொடர்கிறது. ஆறு வாரம் முடிந்ததும் மறுபரிசோதனை.