புதுப்பிப்பு: டிஸ்பிலியோ மரத்தூண்களுக்கு ஆண்டு கிடைத்தது எப்படி?

வடக்கு கிரீஸில் கஸ்தோரியா ஏரிக்கரையில் உள்ள டிஸ்பிலியோ என்ற புதிய கற்காலக் குடியிருப்பைப் பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். "அந்தப் பக்கம் அவ்வளவு பழைய மரவளைய வரிசையே இல்லையே, பிறகு எப்படி ஆண்டைச் சொல்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும்; பல மரங்களின் வளையங்களைப் பொருத்தி அடுக்கினால் கிடைப்பதுதான் மரவளைய வரிசை.

ஏரிச் சேற்றில் புதைந்ததால் தூண்கள் மக்காமல் இருந்தன. பெர்ன் பல்கலைக்கழகக் குழு 787 மரத்துண்டுகளை ஆராய்ந்து, அகல வளையம், ஒடுங்கிய வளையம் என ஒப்பிட்டு, 303 ஆண்டு நீளமுள்ள ஒரு வரிசையைக் கட்டியது. ஆனால் அது அந்தரத்தில் தொங்கியது. எந்த மரம் எதற்குப் பின் வெட்டப்பட்டது என்று தெரியும், எந்த ஆண்டில் என்று தெரியாது. மரத்தில் மிஞ்சியிருக்கும் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கணிப்பும் ஒரே ஆண்டைக் காட்டாது, ஒரு காலவீச்சைத்தான் தரும்.

முடிச்சை அவிழ்த்தது வானம். கி.மு. 5259இல் விண்ணிலிருந்து வந்த துகள் வெள்ளத்தால் காற்றில் கரிமம்-14 திடீரென எகிறியது. அந்த ஆண்டு வளர்ந்த மரமெல்லாம் அதை உள்வாங்கியது. ஆண்டு உறுதியாகத் தெரிந்த வேறு இடத்து மரங்களிலிருந்து இந்த எகிறலின் ஆண்டு தெரிந்திருந்தது. வளையம் வளையமாகச் சீவி அளந்தபோது, டிஸ்பிலியோ மரத்திலும் அதே எகிறல் தென்பட்டது. அப்புறம் வெறும் எண்ணிக்கைதான்: அங்கிருந்து 119 வளையம் தள்ளி, வரிசை கி.மு. 5140இல் முடிகிறது. முடிவு 2024இல் வெளியானது.

எழுத்துப் பலகையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: எழுத்து போன்ற குறிகளுடன் 1993இல் டிஸ்பிலியோவில் கிடைத்த அந்த மரப்பலகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இது தூண்களின் வயது மட்டுமே.

எகிறல் உலகம் முழுவதும் பதிவானது என்பதால், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் தொங்கும் மற்ற வரிசைகளையும் இதே ஆணியில் மாட்டலாம்.